என் பேரில் போனவன்

நவதுறவியர் இல்லம்,
திண்டுக்கல்,
10.11.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை ஜெஸ்லின் எழுதுவது. நான் இங்கே மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் தூங்கி, நன்றாகக் குண்டாகிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீ, இன்பமேரி அண்ணி, பாப்பா, அம்மா, அம்மாவின் முட்டி வலி எல்லாரும் எப்படி?

நீ வந்து போன பிறகு இரண்டு நாள் எனக்கு ஜெபத்தில் மனசு ஒட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள்தான் வீட்டார் வரலாம், ஃபோன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்கிற இந்த மடத்தில், காலையில் வந்து சாயங்கால மணி வரை உட்கார்ந்திருந்த ஒரே அண்ணன் நீதான். மற்ற அண்ணன்மார் எல்லாம் மத்தியானச் சோற்றோடு கம்பி நீட்டிவிட்டார்கள். நீ கொண்டுவந்த கொய்யாப்பழத்தை இங்கே எல்லாரும் பங்கு போட்டுத் தின்றோம்.

பேசும்போதெல்லாம் உன் கை சட்டைப்பைக்கே போனது. என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "ஆபீஸ் ஃபோனு பொன்னுவேலு கையில இருக்குது கண்ணு. இன்னிக்கு அவன்தான் ஆண்டனி ராஜு" என்று சிரித்தாய். காலையில் தன்னுடைய ஏற்காடு டவுன் ரூட்டை முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் உன் பேரில் கொட்டச்சேடு, செம்மநத்தம் பார்சல்களையும் கொண்டு போக எந்த மனுஷன் ஒப்புக்கொள்வான்? "லீவு வேணும்னா ஆளப் புடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்கிற உங்கள் ஆபீசை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நவதுறவி கோபப்படக் கூடாதாம். சும்மா சொல்கிறார்கள்.

பொன்னுவேல் அண்ணனுக்கென்று கொடுத்துவிட்ட அச்சுமுறுக்கைக் கொடுத்தாயா, சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே நீ தின்று தீர்த்துவிட்டாயா? அவர் என்ன சொன்னார் என்று எழுது. அவருக்காக ஒரு ஜெபமாலை முழுசாகச் சொல்லியிருக்கிறேன்.

தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்,
ஜெஸ்லின்


ஏற்காடு,
18.12.2024

அன்புத் தங்கை ஜெஸ்லினுக்கு,

அண்ணன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி வலியும் சுகமாக இருக்கிறது. அது அம்மாவை விட்டு எங்கும் போவதாக இல்லை.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. கிறிஸ்துமஸ் நெரிசல். டவுன் ரூட்டும் இப்போது என் தலையில்தான். காலையில் ஏரிப் பக்கமும் கடைவீதியும், மத்தியானத்துக்கு மேல் கொட்டச்சேடு, செம்மநத்தம், கரடியூர். பார்சலைக் கொடுத்தோமா வந்தோமா என்று விட்டால் பரவாயில்லை. ஒரு வீட்டில் கட்டிலைப் பூட்டிக் கொடு என்கிறார்கள். இன்னொரு வீட்டில் புடவை சாயம் போகிறது, திருப்பி எடுத்துப் போ என்கிறார்கள். மேனேஜர் ஜீவானந்தம் சாரின் மச்சினி வீட்டுக்கு அரிசி மூட்டையும் நான்தான். "போற வழிதானப்பா" என்பார். அந்த மனுஷனுக்கு இந்த மலையில் எல்லாமே போற வழிதான்.

போன வாரம் செம்மநத்தத்தில் ஒரு வேடிக்கை. வாசலில் நின்று "பார்சலுங்க" என்றேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா என்னைப் பார்த்தது, கழுத்தில் தொங்கும் பேர் அட்டையைப் பார்த்தது, குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. "ஏனுங்க, ஆண்டனி ராஜு செத்துப் போயிட்டாருன்னாங்களே!" என்று உள்ளேயிருந்து சத்தம். "இந்த மாசச் சம்பளம் வாங்காம எப்படிங்க சாவறது" என்றேன். கதவு திறக்கவில்லை. பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

கேக் அனுப்பியிருக்கிறேன், வேறு கொரியரில். எங்கள் ஆபீசில் போட்டால் திண்டுக்கல்லும் போற வழிதான் என்று என்னையே ஓட்டிப்போகச் சொல்வார்கள். பெருநாள் வாழ்த்துகளோடு,

அண்ணன்
ஆண்டனி ராஜ்


திண்டுக்கல்,
05.01.2025

அன்புள்ள அண்ணா,

புது வருஷம் உனக்கும் வீட்டுக்கும் நல்லதாக இருக்கட்டும். கேக் நொறுங்காமல் வந்தது. பிணம் சம்பளம் கேட்ட கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மதருக்கே புரையேறிவிட்டது.

ஆனால் அன்று படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷன் செத்துவிட்டான் என்ற பேச்சு சும்மா கிளம்புமா அண்ணா? நெருப்பில்லாமல் புகையுமா? டவுன் ரூட் பொன்னுவேல் அண்ணனுடையது. அது எப்படி உன் தலையில் வந்தது? திருப்பூர் மில்லுக்குப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, போயேவிட்டாரா? அச்சுமுறுக்கைப் பற்றியும் நீ மூச்சு விடவில்லை. வழவழவென்று இரண்டு பக்கம் எழுதியவன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கு இந்தத் தடவை கிடையாது.

ஜெஸ்லின்


ஏற்காடு,
30.01.2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாக இரு.

பொன்னுவேல் இல்லை கண்ணு. கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு வளைவில் வண்டி பள்ளத்தில் போய்விட்டது. மூடுபனி. மேனகாவும் இரண்டு பிள்ளைகளும் கரடியூரில் அவன் அப்பா வீட்டில் இருக்கிறார்கள். அச்சுமுறுக்கு என் வண்டிப் பெட்டியிலேயே கிடக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

ஒன்றை மட்டும் யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்தால், அந்தப் பக்கம் வண்டி வந்தால் பதிலுக்கு அடிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். பொன்னுவேல் சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று அடிப்பான். வருவது அவன்தான் என்று எனக்குத் தெரிவதற்கு. இப்போது அந்த வளைவில் நான் ஒரு தடவை அடிக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று வருகிறது. ஓரம் கட்டி நிற்கிறேன். வண்டி எதுவும் வருவதில்லை.

எதிரொலி என்கிறாள் உன் அண்ணி. எதிரொலி என்றால் நான் கொடுத்ததைத்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்?

ஆண்டனி ராஜ்


திண்டுக்கல்,
12.02.2025

அன்பு அண்ணா,

ஐயோ, என்ன எழுதுவேன். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு துணி காயப்போடும் இடத்தில் நின்று அழுதேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேனகா அக்கா என்ன செய்வாள்?

உயிரோடிருக்கிற மனுஷனுக்கென்று நினைத்து இத்தனை நாள் ஜெபமாலை உருட்டியிருக்கிறேன். இனி முறையாகச் செய்கிறேன். இங்கே சிற்றாலயத்தில் அவருக்காக ஒரு பூசை வைக்க மதர் ஒத்துக்கொண்டார். வருஷா வருஷம் அதே நாளில் வைக்கலாமாம். அதற்குப் பேரும் இறந்த தேதியும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ தேதி எழுதவில்லை. உடனே எழுது.

நீ அந்த வளைவில் நிற்காதே. சிலுவை போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இரு.

கண்ணீரோடு,
ஜெஸ்லின்


திண்டுக்கல்,
10.03.2025

அண்ணா,

தவக்காலம் தொடங்கிவிட்டது. உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு தேதி எழுத ஒரு மாதமா?

ஜெஸ்லின்


ஏற்காடு,
22.03.2025

அன்பு நாத்தனார் ஜெஸ்லினுக்கு,

உன் அண்ணி இன்பமேரி எழுதுகிறேன். அத்தையும் பாப்பாவும் நலம். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அதனால் இதற்குப் பதில் போடாதே.

தேதி கேட்டு நீ எழுதிய இரண்டு கடிதத்தையும் அவர் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்க்கிறார், வைக்கிறார். எப்படி எழுதுவார் கண்ணு? அவர் உன்னைப் பார்க்க வந்தாரே, அதே நாள்தான். பொன்னுவேல் அண்ணன் இவருடைய ஃபோனை வைத்துக்கொண்டு, இவர் பேரில், இவர் ரூட்டில் போகும்போதுதான் விழுந்தார். உன்னிடம் விடைபெற்று பஸ் ஏறி, சேலத்தில் இறங்கிய பிறகுதான் இவருக்குச் சேதி தெரியும்.

மறுநாள் விடிந்ததும் ஜீவானந்தம் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "அன்னிக்கு அந்த ரூட்டுல நீதான் போன. பொன்னுவேலு மத்தியானத்தோட வேலைய முடிச்சுட்டான். அப்புறம் அவன் சொந்தச் சோலியா எங்கியோ போனான். இதுக்கு மேல வாயத் தொறந்தா, உம் பேர ஊரானுக்குக் குடுத்ததுக்கு உம் மேலதான் கேசு வரும்" என்றார். லீவுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சொன்னதே அவர்தான். உன் அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். பிறகு பள்ளத்தில் சிதறிக் கிடந்த பார்சல்களை இவரையே பொறுக்க வைத்து, இவரையே கொண்டுபோய்க் கொடுக்கவும் வைத்தார்கள். ஒரு பெட்டியில் கறை இருந்ததாம். துடைத்துவிட்டுக் கொடுத்தேன் என்றார். அன்றைக்கு நிறுத்திய சோறுதான், இன்னும் ஒழுங்காக இறங்கவில்லை.

இன்னொன்றும் கேள். பள்ளத்திலிருந்து தூக்கியது பக்கத்து எஸ்டேட் ஆட்கள். வெளியூர் ஆட்கள், பொன்னுவேல் அண்ணன் முகம் தெரியாது. "உங்கள் பார்சலை ஆண்டனி ராஜ் கொண்டு வருகிறார்" என்று தன் ஃபோனுக்கு வந்திருந்த சேதியைப் பார்த்து, செத்தது ஆண்டனி ராஜ்தான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வளைவில் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பில் சிலுவை போட்டு, அந்தப் பேரையே எழுதிவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. உன் அண்ணன் தினமும் தன் பேருக்கு முன்னால்தான் வண்டி ஓட்டுகிறார்.

வேலை நேரத்தில் சாகவில்லை என்று ஆபீஸ் கையை விரித்துவிட்டது. மேனகா சேலத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். ஜூன் மாதம் விசாரணை. இவரையும் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், கேஸ் வரும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் தெருவில். எனக்கு என் பிள்ளைதான் முதலில், தப்பாக நினைத்தாலும் நினைத்துக்கொள். நீ ஒன்றும் எழுதாதே. ஜெபம் மட்டும் பண்ணு.

இன்பமேரி


திண்டுக்கல்,
06.04.2025

அன்பு அண்ணா,

நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அக்டோபர் மாதம் அந்தச் சனிக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்பது இந்த உலகத்தில் வேறு யாரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். என் எதிரில், பலா மரத்தடி சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். சாயங்கால மணி அடித்ததும் எழுந்து, "பொன்னுவேலு இன்னேரம் கொட்டச்சேடு தாண்டியிருப்பான்" என்றாய். அவர் தாண்டவில்லை அண்ணா.

நீ அந்த ரூட்டில் போனாய் என்று ஜீவானந்தம் சார் சொன்னால், நான் பெஞ்சில் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணைக்கு நான் சேலம் வரலாம், துணைக்கு ஒரு சிஸ்டரை அனுப்புகிறேன் என்றார். வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி அது ஆகிவிடக் கூடாது. எனக்கு முன்னால் நீயே சொல்லிவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெஸ்லின்


ஏற்காடு,
02.05.2025

ஜெஸ்லினுக்கு,

உனக்கென்ன, மணியடித்தால் சோறு. வண்டிக்குத் தவணை கட்ட வேண்டியதில்லை. பாப்பாவுக்கு ஸ்கூல் இல்லை. உலகத்தைத் துறந்தவளுக்கு உலகத்து நியாயம் எதற்கு? இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுதியதை அடித்துத் திருத்தவும் மாட்டேன்.

அன்று காலை மழை. போகவில்லை என்று நான்தான் சொன்னேன். அவன் என் பையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டான். "போயித் தங்கச்சி மொகத்தப் பாத்துட்டு வாடா. நாளைக்கு எம் பொண்ணு சீருக்கு நீ எம் பேருல ஓட மாட்டயா?" என்றான். இந்த மலையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறோம். இவன் பேரில் அவன், அவன் பேரில் இவன். ஒருத்தன் செத்தால் யார் செத்தது என்று எவனும் யோசித்ததில்லை.

போன வாரம் பொன்னுவேலின் வீட்டார் அவனை அழைத்துப்போக அந்த வளைவுக்கு வந்தார்கள். விபத்தில் போனவன் விழுந்த இடத்திலேயே நிற்பானாம். வீட்டு ஆள் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அங்கேயிருந்து ஒரு கல்லைத் துணியில் கட்டி எடுத்து வந்தால்தான் கூடவே வருவானாம். மேனகா கையில் கற்பூரத் தட்டு. அவன் அப்பா சித்தன் பெரியவர், அங்கே என் பேர் எழுதி நட்டிருக்கிற கல்லைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. "வேற ஆளு பேரு எழுதுன எடத்துல எம் பையனக் கூப்புட்டா ஆரு வருவாங்கன்னு தெரியாது சாமி. வேண்டாம், போலாம்" என்றார். கற்பூரத்தைக் கொளுத்தாமலே திரும்பிவிட்டார்கள். வண்டியோடு நான் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏழாவது மாதம் நடக்கிறது. அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான், என் பேரைச் சுமந்துகொண்டு. நான் இங்கே அவன் ரூட்டைச் சுமந்துகொண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெஸி. அவனை நினைத்தா, ஜீவானந்தத்தை நினைத்தா என்று தெரியவில்லை.

ஆண்டனி


திண்டுக்கல்,
15.05.2025

அண்ணா,

கோபித்துக்கொள். தங்கையிடம் கோபிக்காமல் வேறு யாரிடம் கோபிப்பாய்?

என்னைப் பார்க்க நீ வந்ததால் ஒரு மனுஷன் செத்தார். அந்தப் பாரம் எனக்கும்தான் அண்ணா. உனக்கு ஹார்ன் கேட்கிறது. எனக்கு நீ அன்று சிரித்த சிரிப்பு கேட்கிறது.

விசாரணை அன்று முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். வர வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று எழுது.

உன் ஜெஸி


ஏற்காடு,
22.06.2025

என் அன்புத் தங்கை ஜெஸிக்கு,

அம்மா, அண்ணி, பாப்பா எல்லாரும் சுகம். நான் நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், அதனால் சுகம் என்றே எழுதலாம்.

நீ வர வேண்டாம் என்று மாத ஆரம்பத்தில் கார்டு போட்டேனே, காரணம் இதுதான். விசாரணைக்கு முன்னாலேயே நான் சேலம் போய் அந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பேரில் ஓடியது அவன், நான் திண்டுக்கல்லில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், தலையாட்டச் சொன்னது இன்னார், ஆட்டியது நான். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விசாரணையில் ஜீவானந்தம் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. மேனகா பக்கம்தான் வரும் என்று அவளுடைய வக்கீல் சொல்கிறார். என் மேல் கேஸ் வருமா என்று தெரியாது. வேலை மறுநாளே போய்விட்டது. எஸ்டேட் ஜீப்பில் உர மூட்டை இழுக்கிறேன். உன் அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இப்பத்தான் நீங்க தூங்கறீங்க" என்றாள்.

நேற்று மேனகாவையும் பெரியவரையும் வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் நாரும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துப் போய் அந்தக் கல்லை நானே தேய்த்தேன். என் பேர் அழிந்துவிட்டது. சிலுவை முழுசாக அழியவில்லை. "இருக்கட்டுங்கண்ணா, அவருக்குச் சாமி வேத்துமையெல்லாம் கெடையாது" என்றாள் மேனகா. சுண்ணாம்பைக் குழைத்து அவன் பேரை எழுதினேன். இலையில் சோறும் வெல்லமும் வைத்தாள். உன் அச்சுமுறுக்கு தூளாகிப் போயிருந்தது. அதையும் வைத்தேன்.

பெரியவர் கூப்பிட்டார். மேனகா கூப்பிட்டாள். கற்பூரம் பற்றவே இல்லை, காற்று. மூன்று குச்சி அணைந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க கூப்புடுங்கண்ணா. உங்க பேருலதானுங்க போனாரு. நீங்க சொன்னாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அவருக்குத் தெரியும்" என்றாள்.

நான் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிறகு கத்தினேன். "பொன்னுவேலூ! நான் வந்துட்டன்டா. என் ரூட்ட நான் பாத்துக்கறேன். நீ ஊட்டுக்குப் போ!"

நாலாவது குச்சியில் கற்பூரம் பற்றியது. பெரியவர் ஒரு கல்லை எடுத்துத் துணியில் கட்டி மேனகாவின் மடியில் வைத்தார். இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கரடியூருக்குக் கிளம்பினேன். வளைவில் ஹார்ன் அடித்தேன், வழக்கம் போல ஒரு தடவை. வண்டியை நிறுத்திக் காது கொடுத்தேன். பதில் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். ஒன்றுமே வரவில்லை ஜெஸி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பூசைக்குப் பேரும் தேதியும் கேட்டாய். எழுதிக்கொள். பேர் பொன்னுவேல். தேதி அக்டோபர் இருபத்தாறு, நான் உன்னோடு உட்கார்ந்திருந்த நாள்.

அடுத்த வருஷமும் உன்னைப் பார்க்க வருவேன்.

உன் அண்ணன்,
ஆண்டனி ராஜ்